பகல் தூக்கத்தின் ஒழுங்கு: கைக்குழந்தையின் உடல் கடிகாரமும் வீட்டின் பழக்கமும்

கைக்குழந்தை இருக்கும் வீட்டின் பகல்பொழுது அதன் தூக்கத்தைச் சுற்றியே நகர்கிறது. குழந்தை கண்ணயர்ந்தால்தான் பெற்றவளுக்குக் குளியல், சாப்பாடு, கொஞ்சம் முதுகு சாய்த்தல் எல்லாம். அரைமணியில் அது சிணுங்கி எழுந்துவிட்டால் அன்றைய நாளே குலைந்துபோகிறது. இதைச் சரிசெய்யத் தவிக்கும் இளம் தாய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அறிவுரை வருகிறது. "தூளியில் போட்டு ஆட்டு, தானா தூங்கும்" என்கிறார் மாமியார். செல்பேசிச் செயலியோ, நான்கு மாதக் குழந்தை காலை ஒன்பதரைக்குத் தூங்கிப் பதினொன்றுக்கு எழ வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தருகிறது. குழந்தை இரண்டுக்கும் கட்டுப்படாதபோது, குறை தன்னிடம்தான் என்று அந்தத் தாய் முடிவுகட்டிக்கொள்கிறாள்.

குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு வேறொரு சித்திரம் கிடைக்கும். பகல் தூக்கம் எந்த வயதில் ஒழுங்குக்கு வரும் என்பதைக் குழந்தையின் மூளை முதிர்ச்சி தீர்மானிக்கிறது. அந்த ஒழுங்கு வரும்போது அதைத் தாங்கிப்பிடிப்பதில் வீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கடிகார மணியைப் பிடித்துக்கொண்டு போராடுவதைவிட, வெளிச்சத்தையும், தூக்கத்துக்கு முந்தைய செயல்களின் வரிசையையும், படுக்கையின் பாதுகாப்பையும் கவனித்தால் அந்தப் பங்கை நன்றாகச் செய்ய முடியும்.

முதல் ஆறு மாதம்

தூக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நேதானியல் க்ளைட்மன். அவரும் தியோடர் எங்கெல்மனும் 19 குழந்தைகளின் தூக்கத்தை மூன்றாம் வாரம் முதல் இருபத்தாறாம் வாரம் வரை பதிவு செய்து 1953-இல் வெளியிட்டார்கள். அவர்கள் வரைந்த படங்களில் ஒன்று பின்னாளில் பல நூல்களில் மறுபதிப்பு கண்டது. ஒரே குழந்தையின் நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளாக அடுக்கப்பட்ட படம் அது. மேற்பகுதியில் தூக்கமும் விழிப்பும் பகல் இரவு பாராமல் சிதறிக் கிடக்கின்றன. கீழே வர வர இரவுப் பக்கம் தூக்கம் திரள்கிறது; பகலில் சில தூக்கங்கள் மட்டும் தனித்தனியே நிற்கின்றன. ஆறு மாதத்தில் மொத்தத் தூக்கம் பெரிதாகக் குறையவில்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான பங்கீடுதான் மாறியது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு விசைகள் இருக்கின்றன. சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த விளக்கம் இன்றுவரை தூக்க ஆய்வின் அடித்தளமாக இருக்கிறது. முதல் விசை, விழித்திருக்கும் நேரத்தில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்னும் பொருள் திரள்வது இதற்கு ஒரு காரணம்; தூங்கினால் அழுத்தம் வடிகிறது. இரண்டாவது, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் ஓடும் உடல் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது.

பெரியவர்களிடம் தூக்க அழுத்தம் நிறையப் பதினாறு மணி நேரம் ஆகிறது. கைக்குழந்தையின் மூளையோ சிறு பாத்திரம், சீக்கிரம் நிரம்பிவிடும். பிறந்த குழந்தை ஒரு மணி நேரம் விழித்திருப்பதே அதிகம். மூன்று நான்கு மாதத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும், ஆறு ஏழு மாதத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும், ஒரு வயதில் மூன்று முதல் நான்கு மணி நேரமும் விழித்திருப்பது பொதுவாகக் காணப்படுவது. வயது ஏற ஏறக் குழந்தை அதிக நேரம் தாக்குப்பிடிப்பதால்தான் பகல் தூக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

உடல் கடிகாரம் பிறவியிலேயே முழுமையாக இயங்குவதில்லை. இரவைக் குறிக்கும் மெலடோனின் சுரப்பில் தெளிவான ஏற்ற இறக்கம் ஒன்பது முதல் பன்னிரண்டு வார வயதில்தான் தோன்றுகிறது என்று ஆஸ்திரேலியாவில் டேவிட் கென்னவே குழுவினர் 1992-இல் காட்டினார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் தாமதமாகிறது. அவர்களுடைய தூக்கத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று மாதம்வரை குழந்தைக்கு இரவும் பகலும் தெரியாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உடலியங்கியலுக்கு மிக நெருக்கமான கூற்று. அந்த வயதுக் குழந்தைக்கு மணிக்கணக்கில் அட்டவணை போடுவது வீண் வேலை. பசித்தால் பால், களைத்தால் தூக்கம், பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு என்றிருந்தாலே போதும்.

ஏன் அரைமணியில் எழுகிறது?

பெற்றோரை அதிகம் வாட்டுவது குறைத் தூக்கம். படுத்து முப்பது நாற்பது நிமிடத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும். பசியில்லை, ஈரமில்லை, எறும்பு கடிக்கவில்லை. ஆனாலும் விழிக்கிறது. காரணம் தூக்கச் சுழற்சியின் நீளம். பெரியவர்களின் சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதியளவு, கண் இமைகளுக்குள் விழிகள் ஓடும் அசைவுத் தூக்கம். உதடு சப்பும், முகம் கோணும், திடீரென்று சிரிக்கும், விசும்பும். "நரி விரட்டுது" என்று நம் வீடுகளில் சொல்வது இந்த நிலையைத்தான்.

விழியோட்டத் தூக்கம் என்ற கண்டுபிடிப்புக்கே குழந்தைகள்தான் வழி திறந்தார்கள். க்ளைட்மனின் மாணவர் யூஜீன் அசெரின்ஸ்கி தூங்கும் குழந்தைகளின் கண் அசைவுகளைக் கவனித்துத்தான் தன் ஆய்வைத் தொடங்கினார். பிறகு பெரியவர்களிடமும் அதைப் பதிவு செய்து, 1953-இல் க்ளைட்மனுடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார்.

அசைவுத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையை விழித்துவிட்டதாக நினைத்துத் தூக்குவது நாம் அடிக்கடி செய்யும் பிழை. முனகலும் நெளிவும் பல நேரங்களில் ஒரு சுழற்சியிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் அடையாளங்கள். கை வைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை தானே மறுபடி ஆழ்ந்துவிடுவதுண்டு. அழுகை முற்றினால் தூக்கத்தான் வேண்டும். தானாகவே அடுத்த சுழற்சிக்குக் கடக்கும் திறன் பெரும்பாலும் ஐந்து ஆறு மாதத்துக்குமேல்தான் பகலில் உறுதிப்படுகிறது. அதற்கு முன் நாற்பது நிமிடத் தூக்கம் பழுதல்ல. அந்த வயதின் இயல்பு.

பகலில் தூங்குவதால் என்ன கிடைக்கிறது?

ஜெர்மனியின் சபீனே ஸீஹாகன் தலைமையிலான குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத, பன்னிரண்டு மாதக் குழந்தைகள் 216 பேருக்குக் கைப்பொம்மை ஒன்றைக் கொண்டு சில செயல்கள் செய்து காட்டப்பட்டன. அதைப் பார்த்த நான்கு மணி நேரத்துக்குள் குறைந்தது அரைமணி நேரமாவது ஒரே மூச்சில் தூங்கிய குழந்தைகள் பிறகு அந்தச் செயல்களை நினைவில் வைத்துச் செய்தார்கள். தூங்காதவர்களிடம் அந்த நினைவு தங்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா கோமெஸ் குழுவினர் 2006-இல் பதினைந்து மாதக் குழந்தைகளுக்குச் செயற்கையாக உருவாக்கிய ஒரு மொழியின் ஒலித்தொடர்களைக் கேட்கவைத்தார்கள். இடையில் தூங்கியவர்கள் அந்தத் தொடர்களுக்குள் இருந்த பொது விதியைப் புதிய தொடர்களிலும் கண்டுகொண்டார்கள். தூங்காதவர்கள் கேட்டதை மட்டுமே அடையாளம் கண்டார்கள்.

இந்த முடிவுகளை அளவோடு பயன்படுத்த வேண்டும். ஒரு நாள் பகலில் சரியாகத் தூங்காத குழந்தை பின்தங்கிவிடும் என்று இவை சொல்லவில்லை. கற்றதைச் சேமிக்கும் திறன் சிறு மூளைக்குக் குறைவு, அதனால் நாளின் நடுவிலேயே அடிக்கடி சேமித்துக்கொள்கிறது என்பதே இவற்றின் சாரம். இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு செய்தி கிடைக்கிறது: கைக்குழந்தையின் நாள், விழிப்பும் தூக்கமும் சிறு சிறு துண்டுகளாக மாறி மாறி வருவதாகத்தான் இருக்க வேண்டும். "பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவில் நன்றாகத் தூங்கும்" என்று நினைத்துக் குழந்தையைக் களைக்கவைப்பதில் பயனில்லை. அளவு தாண்டிக் களைத்த குழந்தை பெருங்குரலில் அழுது, முதுகை வளைத்து, தூங்கவைக்கவே முடியாத நிலைக்குப் போய்விடும். "தூக்கம் தாண்டிப்போச்சு" என்று நாம் சொல்வது அதைத்தான்.

இரண்டு வயதுக்குமேல் கணக்கு மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் கேரன் தோர்ப் குழுவினர் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இரண்டு வயதைத் தாண்டியும் தொடரும் பகல் தூக்கம் இரவில் தாமதமாகத் தூங்குவதோடும் குறைவாகத் தூங்குவதோடும் தொடர்புடையது என்று கண்டது. அந்த வயதில் தூங்க மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

எவ்வளவு தூக்கம் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பகல் தூக்கமும் சேர்த்து, மூன்று மாதம்வரை 14 முதல் 17 மணி நேரம், நான்கு முதல் பதினொரு மாதம்வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று முதல் இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரம் என்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த பரிந்துரையில் நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எண்ணே இல்லை. அந்த வயதில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிக அதிகம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

சூரிச்சில் 493 குழந்தைகளை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஆறு மாதத்தில் ஒரு நாளின் மொத்தத் தூக்கம் சராசரியாக 14.2 மணி நேரம். ஒன்றரை வயதில் 96.4 விழுக்காட்டுக் குழந்தைகள் பகலில் தூங்கினார்கள். நான்கு வயதில் 35.4 விழுக்காட்டினர். ஆறு மாதத்தையொட்டிப் பகலில் மூன்று தூக்கம், ஒன்பது மாதத்தையொட்டி இரண்டு, பதினைந்து முதல் பதினெட்டு மாதத்தில் ஒன்று என்று படிப்படியாகக் குறைவது பெரும்பாலான குழந்தைகளின் பாதை. ஒவ்வொரு தூக்கம் உதிரும்போதும் சில வாரங்கள் தடுமாற்றம் இருக்கும். ஒரு நாள் இரண்டு தூக்கம், மறுநாள் ஒன்று என்று போகும். அந்த வாரங்களில் இரவுத் தூக்கத்தை அரைமணி முன்னால் கொண்டுவந்தால் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,287 பெற்றோர்களிடம் விவரம் சேகரித்து ஜோடி மிண்டெல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக வேண்டியது. குழந்தைகள் இரவில் படுக்கப்போகும் நேரம் நியூஸிலாந்தில் சராசரியாக 7.27, ஹாங்காங்கில் 10.17. ஆசிய நாடுகளில் குழந்தைகள் தாமதமாகப் படுத்துக் குறைவாகத் தூங்கினார்கள். ஆனால் பகல் தூக்கத்தில் நாடுகளுக்கிடையே வேறுபாடு சிறிதளவே இருந்தது. இரவை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது; பகல் தூக்கம் அந்த அளவுக்கு மாறுவதில்லை.

நம் வீடுகளில் இதன் பொருள் தெளிவானது. அப்பா வேலை முடிந்து வர ஒன்பது மணி, அதுவரை தொலைக்காட்சி, அதன்பின் கொஞ்சல், குழந்தை தூங்கப் பதினொன்று. மறுநாள் காலை ஒன்பதுக்கு எழுகிறது, முதல் பகல் தூக்கம் நண்பகலுக்குத் தள்ளிப்போகிறது, கடைசித் தூக்கம் மாலை ஆறரைக்கு விழுகிறது, அன்றிரவும் பதினொன்று. பகல் தூக்கம் கெட்டுவிட்டது என்று புலம்பும் பல வீடுகளில் கெட்டிருப்பது காலையும் இரவும்தான். சீர்திருத்தத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலை வெளிச்சமும் மாலை விளக்கும்

முதல் வேலை, காலையில் எழும் நேரத்தை நிலைப்படுத்துவது. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், மூன்று நான்கு மாதம் கடந்த குழந்தையைத் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறுமுன் மொட்டைமாடியோ வாசலோ போதும். அடுக்குமாடி வீடென்றால் திரையை விலக்கிய சன்னலோரம். இங்கிலாந்தின் லிவர்பூலில் இவோன் ஹாரிசன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தைகளில் இரவில் நன்றாகத் தூங்கியவர்கள், நண்பகலுக்கும் மாலை நான்குக்கும் இடைப்பட்ட நேரத்தில் மற்றவர்களைவிட அதிக வெளிச்சத்தில் இருந்தது தெரியவந்தது. கண்ணேறு படும், காற்றுப் படும் என்று குழந்தையை நாள் முழுதும் மங்கலான அறைக்குள் வைத்திருக்கும் வழக்கம் உடல் கடிகாரம் அமைவதற்குத் தேவையான தகவலையே மறைத்துவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் பகல் தூக்கம்கூட வீட்டின் இயல்பான வெளிச்சத்திலும் சத்தத்திலும் நடக்கலாம். அதன்பிறகு, சுற்றுமுற்றும் பார்க்கும் ஆவல் கூடிய குழந்தைக்குத் தூங்கும் அறை மங்கலாக இருந்தால் நல்லது. விழித்ததும் மறுபடி வெளிச்சம்.

மாலையைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய விதி இருக்கிறது: விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் தூங்கக் கூடாது. கைக்குழந்தைக்கும் இது பொருந்தும். கடைசிப் பகல் தூக்கம் அந்தி சாயும்வரை நீண்டால் சேர்ந்திருந்த தூக்க அழுத்தம் வடிந்துபோகிறது. இரவுத் தூக்கம் தள்ளிப்போகிறது. ஆறு மாதத்துக்குமேல் கடைசித் தூக்கம் மாலை ஐந்துக்குள் முடிவது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். தூங்கும் குழந்தையை எழுப்பவே கூடாது என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. பிறந்து சில வாரங்களே ஆன, இன்னும் எடை ஏறாத குழந்தையையும் பாலுக்கு எழுப்பத்தான் வேண்டும்.

வரிசை என்னும் அடையாளம்

குழந்தைக்கு மணி தெரியாது. அடுத்து என்ன வரும் என்பது தெரியும். மிண்டெல் குழுவினர் 2009-இல் 405 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வில், இரவு படுக்கைக்குமுன் குளியல், தடவிக்கொடுத்தல், அமைதியான ஒரு செயல் என்று தினமும் ஒரே வரிசையைப் பின்பற்றிய வீடுகளில் குழந்தைகள் விரைவில் தூங்கினார்கள், இரவில் குறைவாக விழித்தார்கள். தாயின் மனநிலையும் மேம்பட்டது. இரவுக்கான வரிசையைச் சுருக்கிப் பகலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஈரம் மாற்றுவது, திரையை இழுப்பது, மடியில் வைத்துப் பாடுவது, படுக்கவைப்பது. பத்து நிமிடம் போதும். அம்மா, பாட்டி, அப்பா யார் தூங்கவைத்தாலும் அதே வரிசையாக இருந்தால்தான் அது அடையாளமாக நிலைக்கும். தாலாட்டு நம் வீடுகளில் இந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது. தினமும் அதே மெட்டு, அதே வேகம், அதே குரல். குழந்தைக்குப் பொருள் வேண்டியதில்லை. மாறாத தன்மைதான் வேண்டும்.

குளியலும் நம்மிடம் இருக்கும் வலுவான அடையாளம். டெல்லியில் ஆறு வாரக் குழந்தைகள் 125 பேரிடம் நான்கு வாரம் எண்ணெய் தேய்த்து நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், எண்ணெய் தேய்த்தபின் குழந்தைகளின் தூக்கம் கூடியது. பல எண்ணெய்களை ஒப்பிட்டதில் மிகுந்த பலன் தந்தது நல்லெண்ணெய். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பால் கொடுத்தபின் வரும் தூக்கம்தான் குழந்தையின் நீண்ட பகல் தூக்கம் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் குளியலைத் தினமும் ஒரே தூக்கத்துக்குமுன் வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒரு நங்கூரம் கிடைக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மட்டும் வேண்டாம். மூக்கு வழியே நுரையீரலுக்குள் போகும் எண்ணெய் கடுமையான அழற்சியை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் அந்தச் சிறு நுரையீரலுக்குத் தேவையில்லாதது.

வரிசையைத் தொடங்கும் தருணத்தைக் குழந்தையே காட்டித்தரும். பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணைக் கசக்கும், காதைப் பிடித்து இழுக்கும். கொட்டாவியும் சிணுங்கலும் வரும்போது நேரம் நெருங்கிவிட்டது. ஒரு வாரம் ஒரு நோட்டில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பால் குடித்த நேரம் மூன்றையும் குறித்துவந்தால், தாறுமாறாகத் தோன்றிய நாள்களுக்குள் குழந்தையின் சொந்த ஒழுங்கு தெரியவரும். செயலி தரும் அட்டவணையைவிட நம்பகமானது அது.

ஆட்டுவதும் கிடத்துவதும்

ஆட்டினால் தூக்கம் வருவதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் பன்னிரண்டு ஆண்கள் தொங்கும் கட்டிலில் 45 நிமிடப் பகல் தூக்கம் தூங்கினார்கள். நான்கு விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடியபோது அனைவரும் விரைவாகத் தூங்கினார்கள். ஆட்டத்தை உணர்வது காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு. அந்த உறுப்பு இயங்காத எலிகளுக்கு ஆட்டத்தால் பலனில்லை என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா தலைமையில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு பெற்றோருக்கு நேரடியாகக் கைகொடுப்பது. அழும் குழந்தையை ஏந்திக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் ஒரே சீராக நடந்தபோது அழுகை அடங்கியது. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள், பகல் நேரத்திலும், தூங்கிவிட்டன. தூங்கிய குழந்தையை உடனே கீழே கிடத்தியபோது மூன்றில் ஒரு பங்குக்குமேல் விழித்துக்கொண்டன. குழந்தையை விழிக்கவைத்தது முதுகு படுக்கையில் படுவதைவிட, தாயின் உடலிலிருந்து பிரியும் கணம் என்று இதயத் துடிப்பின் பதிவுகள் காட்டின. ஆகவே தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்த வேண்டும். கிடத்தியதும் எழுந்துவிடுகிறது என்று அலுத்துப்போன தாய்மாருக்கு இந்த எட்டு நிமிடம் பெரிய உதவி.

ஐந்து ஆறு மாதத்துக்குமேல், ஒரு நாளில் ஏதாவது ஒரு தூக்கத்துக்காவது, அநேகமாகக் காலை முதல் தூக்கத்துக்கு, குழந்தையை அரைத் தூக்கத்திலேயே படுக்கவைத்துப் பக்கத்தில் கைவைத்து இருந்து பார்க்கலாம். எந்த நிலையில் தூங்கியதோ அதே நிலையில் இடையில் விழித்தால் மறுபடி தூங்குவது எளிது. முடியாத நாளில் ஆட்டித் தூங்கவைப்பதில் குற்றமில்லை.

தூளியும் பாயும்

தூங்கும் இடத்தின் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், படுக்கை சமமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும், தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் மறுபடி வலியுறுத்தியது. அந்நாட்டில் 1994-இல் தொடங்கிய மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கத்தைத் தொடர்ந்து, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பாதிக்குமேல் குறைந்தது. குப்புறப் படுத்தால் குழந்தை ஆழ்ந்து தூங்கும் என்பது உண்மைதான். மூச்சுக்கு இடர் வரும்போது விழித்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதுதான் அதிலுள்ள ஆபத்து.

சேலைத் தூளி நம்மோடு பிணைந்தது. ஆனால் தூளியின் அடிப்பகுதி வளைவானது. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னால் மடங்கி, மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுவழி குறுகும். பத்துப் பாகைக்குமேல் சாய்ந்த எந்தப் பரப்பும் குழந்தை தூங்கப் பாதுகாப்பானதல்ல என்கிறது அதே பரிந்துரை. தூளியில் ஆட்டி அமைதிப்படுத்துங்கள். தூங்கியதும் பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கக் கிடத்துங்கள். தூளியில் இருக்கும்வரை பார்வையை எடுக்கக் கூடாது. குழந்தை புரள முயலும் நாளோடு தூளியை நிறுத்திவிட வேண்டும். கட்டிய சேலையைப் பயன்படுத்தாத நேரத்தில் அவிழ்த்து வைப்பதும் அவசியம். விளையாட ஏறிய பெரிய பிள்ளைகளின் கழுத்தில் சேலை இறுகி நேர்ந்த மரணங்கள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். கோடையில் மெல்லிய பருத்திச் சட்டை போதும். நெஞ்சைத் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். கொசுவலையை விறைப்பாகக் கட்டுங்கள்.

தூங்கவைப்பதற்காக மருந்து கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன்மேல் அச்சிட வேண்டுமென இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் சோர்ந்து கிடந்தாலோ அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

யாருடைய வேலை இது?

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், அமைப்புசார்ந்த வேலையில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வார விடுப்பு தந்தது. குழந்தையின் பகல் தூக்கம் தெளிவான வடிவம் பெறத் தொடங்கும் அதே வாரங்களில் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஐம்பது பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு ஓராண்டு. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் தாய்மாருக்கு இவற்றில் எதுவும் கைக்கு எட்டுவதில்லை.

காப்பகத்தில் விடும் பெற்றோர், சுவரில் ஒட்டிய படங்களைப் பார்ப்பதற்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கிறீர்களா? களைத்த குழந்தை மற்றவர்களின் தூக்க நேரம்வரை காத்திருக்க வேண்டுமா, அப்போதே படுக்கலாமா? தூங்கும் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்? வீட்டில் பின்பற்றும் வரிசையை எழுதிக்கொடுத்தால் அதன்படி செய்வீர்களா? வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியோடும் இதே பேச்சு வேண்டும். அவர்களுடைய பழக்கத்தில் நல்லவை நிறைய இருக்கின்றன; எவற்றை வைத்துக்கொள்கிறோம், எவற்றை விடுகிறோம் என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

காலை வெளிச்சம், களைப்பின் அடையாளம், மாறாத சிறு வரிசை, சமமான படுக்கை, விளக்கு வைக்குமுன் முடியும் கடைசித் தூக்கம்: இவற்றை இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்துவந்தால் பெரும்பாலான வீடுகளில் பகல் ஓரளவு பிடிபட்டுவிடும். அதற்குமேல் ஒவ்வொரு நிமிடத்தையும் அளந்து வருந்துவதால் குழந்தைக்கு நன்மை இல்லை. வரிசையை ஒருவர் மட்டுமே சுமக்கும் வீட்டில் அது நெடுநாள் நிற்பதும் இல்லை. அப்பா ஒரு தூக்கத்தை முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும். தாய் கண்ணயர வேறொருவர் வீட்டுவேலையைப் பார்க்க வேண்டும். குழந்தை இன்று நாற்பது நிமிடத்தில் எழுந்துகொண்டதற்குப் பெற்றவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் சாப்பிடவும் படுக்கவும் வழி செய்யாத வீடும் வேலையிடமும்தான் பதில் சொல்ல வேண்டும்.